ஆஸ்பென், சேஜ்பிரஷ் மேய்ச்சல் மலைகளில் திட்டமிட்டுத் தீ வைப்பது: புதிதாக வருபவர்களுக்கு

அமெரிக்காவின் யூட்டா, ஐடஹோ, வயோமிங் மாநில மலைகளில் மேய்ச்சல் நில வேலைக்கோ படிப்புக்கோ புதிதாக வந்து சேர்கிறவர்கள் முதலில் கேட்பது, "தீ எப்போ வைக்கப்போறோம்?" என்றுதான். ஆர்வம் சரி. ஆனால் தீ எரிவது ஒரு நாள், மிஞ்சிப்போனால் இரண்டு நாள். அதற்கு முன்னால் ஒன்றிரண்டு ஆண்டும் பின்னால் நான்கைந்து ஆண்டும் வேலை கிடக்கிறது, அதைச் செய்ய மனமில்லாதவர்கள் தீக்குச்சியைத் தொடாமல் இருப்பதே நிலத்துக்கு நல்லது. அதனால் இங்கே தீயைவிட அந்த முன்பின் வேலைகளைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் தனியாகப் போய்க் கொளுத்தக் கூடாது. எரிப்பை நடத்தச் சான்று பெற்ற ஒரு பர்ன் பாஸ் தலைமையில், எழுதி ஒப்புதல் வாங்கிய திட்டத்தோடு, ஆளும் தண்ணீர் வண்டியும் வைத்துக்கொண்டு செய்கிற வேலை இது. அந்தக் குழுவில் ஒருவராகச் சேரும்போது என்ன நடக்கிறது, ஏன் நடக்கிறது என்று உங்களுக்குப் புரிந்திருந்தால் போதும்.

ஏன் எரிக்கிறார்கள்

கீழ்ச்சரிவில் சாம்பல் கலந்த பச்சையில் சேஜ்பிரஷ் புதர், ஈரம் நிற்கும் மடிப்புகளில் வெள்ளைத் தண்டோடு ஆஸ்பென் தோப்பு, அதற்கும் மேலே கறுத்த ஊசியிலைக் காடு. இந்த மலைகளின் அமைப்பு பெரும்பாலும் இப்படித்தான். கோடையில் மாடும் செம்மறியும் இங்கே மேயும், எல்க் என்கிற பெரிய மானும் மியூல் மானும் இதே இடத்தில்தான் குட்டி வளர்க்கும்.

முன்பு இங்கே மின்னல் தீ வரும், யூட், பையூட், ஷோஷோனி பூர்வகுடி மக்களும் தேவைக்கேற்பத் தீ வைப்பார்கள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பெரும் செம்மறி மந்தைகள் வந்து, தீயை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகும் புல்லை மொட்டையாக மேய்ந்துவிட்டன. அப்புறம் அரசாங்கம் தீயணைப்பைக் கையில் எடுத்தது. எங்கே தீ கண்டாலும் மறுநாள் காலை 10 மணிக்குள் அடக்கிவிட வேண்டும் என்று 1935-இல் வனத்துறை ஒரு கொள்கையே வைத்தது. விளைவு, ஆஸ்பென் நிழலில் முளைத்த ஃபர் என்கிற ஊசியிலை மரங்கள் மெல்ல அதையே தாண்டி வளர்ந்து மூடிவிட்டன. ஆஸ்பெனுக்கு நிழல் ஆகாது. மேலே ஊசியிலை மூடினால் ஆஸ்பென் தண்டு ஒவ்வொன்றாகச் சாகும், அடியில் இருந்த புல்லும் பூண்டும் போய்த் தரை முழுக்க ஊசிச் சருகாகிவிடும். ஆஸ்பென் தோப்புக்குள் கிடைக்கும் தீவனம் ஃபர் காட்டுக்குள் கிடைப்பதைவிடப் பல மடங்கு என்பதால் மாட்டுக்காரருக்கும் இதில் நேரடி லாபம் இருக்கிறது.

முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். ஆஸ்பென், சேஜ்பிரஷ் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும், ஒரே தீயில் எரியும், ஆனால் தீக்குப் பிறகு நடப்பது நேர் எதிர்.

ஆஸ்பென் வாழையடி வாழை. ஒரே வேர்த்தொகுதியிலிருந்து நூற்றுக்கணக்கான தண்டுகள் எழும்பி நிற்கும், வெளியிலிருந்து பார்க்கத்தான் அது தோப்பு. யூட்டாவின் ஃபிஷ்லேக் தேசிய வனத்தில் இருக்கும் பாண்டோ என்கிற ஆஸ்பென் சுமார் 106 ஏக்கருக்குப் பரவியிருக்கிறது, ஏறக்குறைய 47,000 தண்டுகள், அத்தனையும் ஒரே உயிர். தண்டு உயிரோடு இருக்கும்வரை உச்சியிலிருந்து இறங்கும் ஆக்சின் என்கிற ஹார்மோன் வேரில் புதுக் குருத்து கிளம்பாமல் அடக்கி வைக்கும். ஆஸ்பெனின் பட்டை மெல்லியது, அடியில் சின்னத் தீ சுற்றினாலே தண்டு செத்துவிடும். தண்டு செத்ததும் அந்த அடக்குமுறை போகிறது, கறுத்த தரை வெயிலில் சூடேறுகிறது, வேர் முழுக்க வேர்க்கன்று கிளம்புகிறது. ஆக, இங்கே மரத்தைக் கொல்வதுதான் நோக்கம்.

சேஜ்பிரஷ் அப்படியில்லை. இங்குள்ள 'பெரிய சேஜ்பிரஷ்' என்கிற இனம் எரிந்தால் எரிந்ததுதான், கட்டையிலிருந்து துளிர்க்காது. விதையிலிருந்துதான் திரும்ப வர வேண்டும். அந்த விதையோ தாய்ச்செடியிலிருந்து சில அடி தூரத்துக்குள் விழுவது, மண்ணில் நீண்ட நாள் தாங்காதது. அதிலும் எந்த வகை சேஜ்பிரஷ் என்பதைப் பொறுத்துக் கதை மாறும். உயரத்தில், ஈரமுள்ள இடத்தில் வளரும் மலை சேஜ்பிரஷ் 20, 30 ஆண்டுகளில் பழைய நிலைக்கு வரலாம். கீழே வறண்ட சமவெளியில் வளரும் வயோமிங் சேஜ்பிரஷுக்கு 50 ஆண்டு ஆகும், சில இடங்களில் 100 ஆண்டும் போதாது. அதற்குள் சீட்கிராஸ் புகுந்துவிடும். யூரேசியாவிலிருந்து வந்த இந்தப் புல் கோடை தொடங்கும்போதே காய்ந்து சருகாகி, அடுத்த தீக்குத் தானே எரிபொருளாகும். அடிக்கடி தீ, தீக்குப் பின் இன்னும் சீட்கிராஸ் என்று சுழல் தொடங்கிவிட்டால் அந்த நிலத்தை மீட்பது பெரும்பாடு. சேஜ்பிரஷை நம்பியே வாழும் சேஜ் க்ரௌஸ் பறவைக்கும் அதோடு முடிந்தது.

ஆகவே வகையைக் கண்டுபிடிக்கப் பழகுங்கள். மலை சேஜ்பிரஷின் தலை ஏறக்குறைய தட்டையாக வெட்டிவிட்டதுபோல் இருக்கும், பூந்தண்டுகள் அதற்கு மேலே ஒரே உயரத்தில் நீட்டிக்கொண்டு நிற்கும். வயோமிங் வகையின் தலை ஒழுங்கற்றது. சந்தேகம் வந்தால் ஒரு சுலபமான சோதனை இருக்கிறது: நாலைந்து இலையைக் கசக்கி ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் தண்ணீரில் போட்டு, இருட்டில் புற ஊதா டார்ச் அடித்துப் பாருங்கள். மலை சேஜ்பிரஷ் என்றால் தண்ணீர் நீலமாகப் பளிச்சென்று ஒளிரும், வயோமிங் என்றால் அநேகமாக ஒன்றும் தெரியாது. டார்ச்சுக்கு ஆகும் சில டாலர் வீண் போகாது. வயோமிங் என்று தெரிந்துவிட்டால் என் அபிப்பிராயம் ஒன்றே ஒன்று: எரிக்காதீர்கள்.

மற்றப் புதர்களைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம். ஸ்னோபெரி, சர்வீஸ்பெரி, சோக்செரி, கேம்பல் ஓக் எல்லாம் எரிந்தாலும் அடியிலிருந்து துளிர்க்கும். பிட்டர்பிரஷ் மட்டும் நம்ப முடியாதது, ஓரிடத்தில் துளிர்க்கும், இன்னோரிடத்தில் துளிர்க்காது. மானுக்குக் குளிர்காலத் தீவனம் அதுதான் என்பதால் அதைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துத் திட்டமிடுவார்கள்.

நடந்து பாருங்கள்

வரைபடத்தை மடித்து வைத்துவிட்டுத் தோப்புக்குள் இறங்குங்கள். தலையளவு, இடுப்பளவு, முழங்காலளவு என்று எல்லா உயரத்திலும் இளங்கன்று இருக்கிறதா? இருந்தால் அந்தத் தோப்புக்குத் தீ தேவையில்லை, அது தானாகவே தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறது. பெரிய மரம் மட்டும் நிற்கிறது, கீழே கன்றே இல்லை, ஃபர் மரங்கள் நெருக்கிக்கொண்டு வருகின்றன என்றால் எரிப்பைப் பற்றிப் பேசலாம். அடர்ந்த ஃபர் காட்டுக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாக உயிருள்ள ஆஸ்பென் தண்டு தெரிந்தால் வேர் இன்னும் சாகவில்லை, வாய்ப்பு இருக்கிறது. ஒன்றுகூட இல்லாமல் போய்ப் பல காலம் ஆகியிருந்தால் தீ வைத்தாலும் எழுந்து வர அங்கே வேர் இருக்காது.

கன்று இருக்கிறது, ஆனால் எல்லாமே முழங்கால் உயரத்தோடு நின்றுபோயிருக்கிறது என்றால் குனிந்து நுனியைப் பாருங்கள். கத்தியால் சாய்வாகச் சீவியதுபோல் சுத்தமாக வெட்டுப்பட்டிருந்தால் அது முயலின் வேலை. நார் நாராகப் பிய்ந்திருந்தால் மாடோ மானோ எல்க்கோ, ஏனென்றால் இவற்றுக்கு மேல்வாய் முன்பல் கிடையாது, பிடித்து இழுத்துத்தான் கிழிக்கும். இந்த நிலையில் அங்கே குறை தீ இல்லாதது இல்லை, வாய்கள் அதிகமாக இருப்பதுதான். தீ வைத்தால் அந்த வாய்களுக்கு இன்னும் இளசாக விருந்து வைத்த மாதிரி ஆகும். நாலு கன்றைச் சுற்றிக் கம்பி வலைக் கூண்டு போட்டு ஒரு கோடை விட்டுப் பாருங்கள், கூண்டுக்குள் வளர்ந்து வெளியே வளரவில்லை என்றால் விடை கிடைத்துவிட்டது.

மத்திய யூட்டாவின் மன்ரோ மலையில் மாட்டுக்காரர்கள், வேட்டைக்காரர்கள், சூழல் அமைப்பினர், அரசுத் துறையினர் எல்லாரும் ஒரே குழுவாக உட்கார்ந்து இந்தக் கடிக்கும் விஷயத்தைப் பேசிய பிறகுதான் பெரிய எரிப்புகளுக்குப் போனார்கள். அந்த வரிசை சரியானது.

பயிற்சியும் அனுமதியும்

குழுவில் சேர அடிப்படைத் தீயணைப்புப் பயிற்சி வேண்டும், எஸ்-130, எஸ்-190, எல்-180 என்று வகுப்புகள் இருக்கின்றன. அதோடு ஒரு உடல் தகுதித் தேர்வு: 45 பவுண்டு, அதாவது சுமார் 20 கிலோ சுமையோடு 3 மைலை 45 நிமிடத்துக்குள் நடக்க வேண்டும், ஓடக் கூடாது. உயரமான ஊர்களில் கொஞ்சம் கூடுதல் நேரம் தருவார்கள். முதல் தடவையே புது பூட்ஸ் போட்டுக்கொண்டு போகாதீர்கள்.

சொந்த நிலம் என்றால் மாநில வனத்துறையின் அனுமதி, மாவட்டத் தீயணைப்புத் துறைக்குத் தகவல், பக்கத்து நிலத்தாருடன் பேச்சு. கூட்டாட்சி அரசின் நிலம் என்றால் இன்னும் நீளம். இயற்கை வளப் பாதுகாப்புச் சேவையின் திட்டங்களில் எரிப்புக்கு நிதி உதவி கேட்க முடியும், உள்ளூர் அலுவலகத்தில் விசாரியுங்கள். புகைக்கும் தனிக் கணக்கு உண்டு. யூட்டாவில் க்ளியரிங் இண்டெக்ஸ் என்று ஓர் எண்ணைத் தினமும் வெளியிடுவார்கள், புகை எவ்வளவு நன்றாக மேலே போய்க் கலையும் என்பதன் அளவு அது. 500-க்குக் கீழே இருந்தால் பொதுவாக எரிக்க விட மாட்டார்கள், நீங்கள் எவ்வளவு தயாராக இருந்தாலும் சரி.

முந்தைய ஆண்டு

தீ நடக்கப் புல் வேண்டும். சேஜ்பிரஷ் புதருக்கு நடுவே மொட்டைத் தரையாக இருந்தால் ஒரு புதர் எரிந்து அங்கேயே நின்றுவிடும், ஆகவே எரிக்கும் முந்தைய கோடையில் அந்தப் பகுதியில் மாட்டை விடக் கூடாது. மாட்டுக்காரருக்கு அந்த ஒரு பருவத்துக்கு மாற்று மேய்ச்சல் ஏற்பாடு செய்யாமல் இதைக் கேட்பது நியாயமில்லை, அதோடு எரித்த பிறகும் இரண்டு பருவம் கேட்கப்போகிறீர்கள். மொத்தத்தையும் ஒரே தடவையில் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

ஆஸ்பென் தோப்புக்கு வேறு சிக்கல். பச்சையாக இருக்கும் தோப்பு எரியவே எரியாது, காட்டுத்தீயே அதன் ஓரத்தில் வந்து படுத்துவிடும். அதனால் நடுவே நிற்கும் ஃபர் மரங்களில் சிலவற்றை ஓராண்டு முன்பே வெட்டிச் சாய்த்துக் காய விடுவார்கள். தீ உள்ளே நுழைய அதுதான் வழி. பிறகு, எரிந்தும் எரியாமலும் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும் மரங்கள் கன்றுகளுக்கு வேலியாகவும் உதவும், எல்க்கால் சுலபமாக உள்ளே வர முடியாது.

தீத்தடுப்புக் கோடு நம்மூர் வனத்துறையிலும் பழகிய விஷயம்தான். வெறும் மண் தெரியும்வரை கொத்திச் சுரண்டிய பட்டை, எல்லை முழுக்க. ஏற்கெனவே இருக்கும் சாலை, பாறை, ஓடை எதையும் விடாதீர்கள், கோடு வெட்டும் உழைப்பு பாதியாகக் குறையும். வசந்தத்தில் எரிப்பதாக இருந்தால் வடசரிவில் உருகாமல் கிடக்கும் பனியே ஒரு பக்கம் தடுப்பாகிவிடும்.

எந்த நாள்

ஆஸ்பெனுக்குப் பெரும்பாலும் இலையுதிர் காலம், அடியில் உள்ள பூண்டுகள் உறைபனியில் காய்ந்த பிறகு, பெரும்பனி விழுவதற்கு முன். அந்த இடைவெளி சில ஆண்டுகளில் சில நாள்தான் இருக்கும், சில ஆண்டுகளில் வராமலே போகும். வரவில்லையென்றால் அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம், யாரும் குடிமுழுகிப்போக மாட்டார்கள்.

வெப்பம், காற்றின் ஈரப்பதம், காற்று வேகம், எரிபொருளின் ஈரம் எல்லாவற்றுக்கும் மேல் வரம்பும் கீழ் வரம்பும் திட்டத்திலேயே எழுதியிருக்கும். மிக ஈரம் என்றால் தீ நடக்காது, மிக வறட்சி என்றால் தீயை நிறுத்த முடியாது. தேசிய வானிலைச் சேவையிடம் அந்த இடத்துக்கென்றே தனி முன்னறிவிப்பு கேட்டு வாங்குவார்கள். அதில் நான் முதலில் பார்ப்பது குளிர் முகப்பு ஏதாவது வருகிறதா என்பதைத்தான், காற்றின் திசையைச் சட்டென்று திருப்பிவிடும் வில்லன் அது.

எரிக்கும் நாள்

உடுப்பு: தீப்பிடிக்காத அராமிட் சட்டை, கால்சட்டை, தோல் பூட்ஸ், தோல் கையுறை, ஹெல்மெட், கண்ணாடி. உள்ளாடைகூடப் பருத்தியாகவோ கம்பளியாகவோ இருக்கட்டும், நைலான் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

காலையில் எல்லாரையும் நிறுத்தி விளக்கம் சொல்வார்கள். காவல் பார்ப்பவர் யார், ரேடியோ எந்த அலைவரிசை, தப்பிக்கும் வழி எது, பாதுகாப்பான இடம் எது. இந்த நான்கும் மனத்தில் பதியவில்லை என்றால் கையைத் தூக்கிக் கேளுங்கள், யாரும் சிரிக்க மாட்டார்கள். அப்புறம் பர்ன் பாஸ் ஒரு பட்டியலைச் சத்தமாக வாசிப்பார். ஒரே ஒரு கேள்விக்கு 'இல்லை' என்று பதில் வந்தாலும் அன்றைக்கு வேலை கிடையாது, எல்லாரும் வீட்டுக்கு.

அடுத்தது சோதனைத் தீ. எல்லைக்குள், அணைக்க வசதியான ஒரு மூலையில், மற்ற இடத்தில் இருப்பது போன்ற புல்லும் புதரும் உள்ள இடமாகப் பார்த்துக் கொஞ்சம் கொளுத்துவார்கள். தீ நினைத்தபடி நடக்கிறதா, புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பார்கள். சரி என்றால் காற்று போகும் பக்கத்து எல்லையிலிருந்து தொடங்கிக் காற்றுக்கு எதிராக மெதுவாக எரிய விட்டு ஒரு கறுப்புப் பட்டை உண்டாக்குவார்கள். அந்தப் பட்டை அகலமான பிறகுதான் பக்கவாட்டில் கொளுத்துவது, கடைசியில் காற்றோடும் மேட்டை நோக்கியும் ஓடும் பெரிய தீயை விடுவது. ஓடி வரும் தீ ஏற்கெனவே எரிந்து கறுத்த இடத்தை அடைந்ததும் தின்ன ஒன்றுமில்லாமல் அடங்கும்.

தீ வைக்கும் கருவி டிரிப் டார்ச். மூன்று நான்கு பங்கு டீசலுக்கு ஒரு பங்கு பெட்ரோல், திரி வழியாகச் சொட்டுச் சொட்டாக எரிந்து விழும். கலவையில் பெட்ரோலைக் கூட்டினால் சொட்டு தரையில் விழுந்ததும் அணைந்துவிடும், டீசல்தான் நின்று எரியும். பலர் வரிசையாகக் கொளுத்திக்கொண்டு போகும்போது மேட்டுப் பக்கம் இருப்பவர் முன்னால், அடுத்தவர் கொஞ்சம் பின்னால் என்று படிக்கட்டாகப் போக வேண்டும். கீழே இருப்பவர் முந்திவிட்டால் அவர் வைத்த தீ மேலே இருப்பவரை நோக்கி ஏறும், ஆளைக் கொன்றுவிடக்கூடிய தப்பு அது.

புதியவர்களுக்குப் பெரும்பாலும் டார்ச் தர மாட்டார்கள். கோட்டில் நிற்க வைப்பார்கள், முதுகில் 5 கேலன் தண்ணீர்ப் பையோடு. வருத்தப்படாதீர்கள், கற்றுக்கொள்ள நல்ல இடம் அதுதான். ஒரே விதி: தீயைப் பார்க்காதீர்கள், அதற்கு முதுகைக் காட்டிப் பச்சைப் பக்கத்தைப் பாருங்கள். பறந்துபோன பொறி அங்கேதான் விழும். யாராவது ஒருவர் கையில் ஈரத்திரி வெப்பமானியைச் சுழற்றி ஈரப்பதத்தைக் குறித்து ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருப்பார், அந்த எண் மளமளவென்று இறங்கினால் காது கொடுங்கள்.

அணைப்பு

சலிப்பான வேலை, ஆனால் இதில் குறை வைத்தால் ஊரே போகும். 2022-இல் நியூ மெக்சிகோவில் வனத்துறை வைத்த இரண்டு தீ தப்பியது. ஒன்று ஏப்ரல் 6 அன்று எரிப்பின்போதே காற்றில் எல்லை தாண்டியது. இன்னொன்று ஜனவரியில் கொளுத்திய கட்டைக் குவியல், மூன்று பனிப்பொழிவுக்கு அடியிலும் கனன்றுகொண்டே கிடந்து ஏப்ரலில் தலைதூக்கியது. இரண்டும் சேர்ந்து 3,41,000 ஏக்கருக்கு மேல் எரித்தன, அந்த மாநிலத்தின் பதிவான வரலாற்றிலேயே மிகப் பெரிய தீ. அதன் பிறகு நாடு முழுக்க வனத்துறை 90 நாள் எரிப்பையே நிறுத்தி வைத்தது.

ஆகவே எல்லையை ஒட்டிய ஒவ்வொரு கட்டையையும் வேரையும் மாட்டுச் சாணத்தையும் தோண்டிப் புரட்டித் தண்ணீர் விட்டுக் கலக்குங்கள். கடைசியில் கையுறையைக் கழற்றிப் புறங்கையைச் சாம்பலுக்கு நெருக்கமாகக் கொண்டுபோய்ப் பாருங்கள், சூடு தெரியவில்லை என்றால் தொட்டும் பாருங்கள். கண்ணுக்குப் புகை தெரியவில்லை என்பது கணக்கில் வராது. காற்று பலமாக அடிக்கும் அடுத்த நாள்களில் திரும்பப் போய்ப் பார்ப்பதும் இதில் சேர்த்தி.

அடுத்த ஆண்டுகள்

அடுத்த கோடைத் தொடக்கத்தில் சாம்பலுக்கு நடுவே பென்சில் பருமனில் கன்றுகள் வரும். இலை பெரிய மரத்து இலையைவிடப் பெரிதாக இருப்பதால் வேறு செடியோ என்று சந்தேகம் வரும், அதுதான் ஆஸ்பென். மாட்டைக் குறைந்தது இரண்டு வளர்பருவத்துக்கு உள்ளே விடக் கூடாது. இரண்டு என்பது நாள்காட்டிக் கணக்கு, நீங்கள் பார்க்க வேண்டியது உயரத்தை. நடுக்குருத்து 6 அடியைத் தாண்டினால் மாட்டுக்கும் மானுக்கும் எட்டாது, எல்க்குக்கு எட்டாமல் போக 10 அடி ஆக வேண்டும்.

எல்க்குக்கு வேலி போட்டுக் கட்டுப்படியாகாது. பத்து ஏக்கரை மட்டும் எரித்தால் சுற்றுவட்டாரத்து எல்க் எல்லாம் அங்கேயே வந்து கூடும், ஒரு கன்றும் தேறாது. அதனால்தான் எரித்தால் பெரிதாக, அல்லது ஒரே ஆண்டில் பல இடத்தில் என்று செய்கிறார்கள், தின்பதற்கு இடம் அதிகமானால் ஒவ்வொரு கன்றின் மேலும் விழும் கடி குறையும். அதையும் மீறித் தின்றால் வேட்டை அனுமதிகளைக் கூட்டச் சொல்லி மாநில வனவிலங்குத் துறையிடம் பேச வேண்டியதுதான், பேசும்போது கையில் எண் இருக்க வேண்டும். தீக்கு முன்பே சில இடங்களில் இரும்புக் குச்சி அடித்து வைத்து, ஆண்டுதோறும் அதே மாதத்தில் அதே இடத்தில் நின்று, அதே திசையில் ஒரு படம் எடுங்கள், குச்சியைச் சுற்றி ஒரு வட்டத்துக்குள் எத்தனை கன்று, எத்தனையில் நுனி கடிபட்டிருக்கிறது என்று எண்ணி எழுதுங்கள்.

சேஜ்பிரஷ் சரிவில் எரியாமல் தீவு தீவாக விட்ட பகுதிகள்தான் விதைக்கிணறு. அவை போதாமல் போனால் குளிர்காலத்தில் பனியின் மேலேயே விதையைத் தூவுவார்கள், பனி உருகும்போது விதை மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். விதை எந்த வகை சேஜ்பிரஷினுடையது, எந்த உயரத்தில் சேகரித்தது என்று மூட்டையின் சீட்டைப் பார்த்து வாங்குங்கள், கீழ்நில விதையை மலையில் தூவிப் பயனில்லை. சீட்கிராஸ் முளைத்திருக்கிறதா என்று வசந்தத்தில் தென்சரிவையும் சாலையோரத்தையும் முதலில் பாருங்கள், திட்டுத் திட்டாக இருக்கும்போதே பிடுங்கியோ களைக்கொல்லி அடித்தோ முடித்துவிடலாம். வண்டிச் சக்கரத்தில்தான் அது ஏறி வரும் என்பதால் மலைக்கு ஏறும் முன்பே வண்டியின் அடிப்பாகத்தைக் கழுவிவிடுங்கள்.